வழிமுறைகளில் சொல் மயக்கம்: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் முறை

மென்பொருளுக்கும் கருவிகளுக்கும் தமிழில் பயனர் கையேடு எழுதுவோர் ஒன்றுகூடினால் சொல் பற்றிய விவாதம் ஓய்வதில்லை. ‘சேமி’ என்பதா ‘சேமிக்கவும்’ என்பதா, ‘மற்றும்’ என்ற சொல்லை ஏற்பதா விலக்குவதா, ‘எழுத்துகள்’ சரியா ‘எழுத்துக்கள்’ சரியா என்று நாள் கணக்கில் பேசுகிறோம். இவற்றில் பெரும்பாலானவை எந்தப் பக்கம் முடிந்தாலும் பயனருக்குக் கெடுதல் இல்லை. அதே கையேட்டில் யாரும் விவாதிக்காத ஒரு ‘வேண்டாம்’, எவர் கண்ணிலும் படாத ஒரு ‘மீட்டமை’, பயனரின் தரவை அழித்துவிடுகிறது. ஆகவே விவாதத்தைச் சொல்லிலிருந்து தொடங்காமல், பயனரிடம் தென்பட்ட கோளாற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பகுதிகள் அந்த வரிசையிலேயே அமைந்திருக்கின்றன: முதலில் அறிகுறி, அடுத்து அதை உண்டாக்கும் சொல் அல்லது தொடர், அதன்பின் திருத்தம்.

எதையும் திருத்துவதற்கு முன்

ஐயத்துக்குரிய வாக்கியத்தை, அந்தக் கருவியை அறியாத இருவரிடம் தனித்தனியே கொடுத்து, ‘இதைப் படித்தபின் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்க வேண்டும். ‘புரிகிறதா?’ என்று கேட்பதில் பயனில்லை; தவறாகப் புரிந்துகொண்டவரும் ‘புரிகிறது’ என்றே சொல்வார். இருவரும் ஒரே செயலைச் சொன்னால், அந்த வாக்கியத்தைப் பற்றிய விவாதம் நடையைப் பற்றியது. கடைசிப் பகுதிக்குச் செல்லவும். இருவரும் வெவ்வேறு செயல்களைச் சொன்னால் அது பிழை. எந்த வகைப் பிழை என்பதைப் பின்வரும் அறிகுறிகளோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கவும். எழுதியவரே தம் வாக்கியத்தைச் சோதிப்பது போதாது. அவர் மனத்தில் ஒரு பொருள் முன்பே குடியிருப்பதால், மற்றப் பொருள் அவர் கண்ணுக்குத் தெரியாது.

அறிகுறி: தடுத்ததைப் பயனர் செய்கிறார், அல்லது கட்டாயமானதைத் தவிர்க்கிறார்

முதலில் பார்க்க வேண்டிய சொல் ‘வேண்டாம்’. ‘அந்தப் பக்கம் போக வேண்டாம், பள்ளம் தோண்டியிருக்கிறார்கள்’ என்பதில் அது விலக்கு. ‘நீங்கள் வர வேண்டாம், நானே கொண்டுவந்து தருகிறேன்’ என்பதில் அது தேவையின்மை மட்டுமே, வந்தாலும் குற்றமில்லை. நேர்ப்பேச்சில் குரலும் சூழலும் இந்த வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கின்றன. கையேட்டில் அவை இரண்டும் இல்லை. ஒரு ரௌட்டரின் உள்மென்பொருளைப் புதுப்பிக்கும் பகுதியில் இப்படி இரண்டு வரிகள் அடுத்தடுத்து வருவதாகக் கொள்வோம்: ‘இந்த நேரத்தில் ரௌட்டரை அணைக்க வேண்டாம். முடிந்தபின் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டாம்.’ முதல் வரியை மீறினால் ரௌட்டர் மறுபடி இயங்காமலே போகக்கூடும். இரண்டாவது வரி அந்த வேலை அவசியமில்லை என்று சொல்ல வந்தது. இரண்டுக்கும் ஒரே முடிவுச் சொல் இருப்பதால், இரண்டாவதன் தளர்வை முதலாவதற்கும் பொருத்திப் படிக்கும் பயனரை நாம் குறை சொல்ல முடியாது.

திருத்தம் எளிது. ‘வேண்டாம்’ என்ற சொல்லைக் கையேட்டிலிருந்து முற்றிலும் விலக்கிவிட்டு, தடைக்குக் ‘கூடாது’ என்பதையும், தேவையின்மைக்குத் ‘தேவையில்லை’ என்பதையும் மட்டும் பயன்படுத்த வேண்டும். தடைக்கான காரணத்தையும் அதே இடத்தில் சொல்லிவிடுவது நல்லது: ‘புதுப்பித்தல் முடிவதற்குள் ரௌட்டரை அணைக்கக் கூடாது, அணைத்தால் அது மறுபடி இயங்காமல் போகக்கூடும்.’ ‘கூடாது’ என்பது அதட்டுவதாக இருக்கிறது, வாடிக்கையாளரிடம் இப்படிப் பேசுவதா என்ற எதிர்ப்பு தவறாமல் எழும். நன்றி சொல்லும் இடத்திலும், உதவிக்கு அழைக்கும் இடத்திலும் எவ்வளவு பணிவு காட்டினாலும் தகும். எச்சரிக்கை வரியில் காட்டும் பணிவு அந்த வாடிக்கையாளரின் கருவியையே பலி வாங்குகிறது என்றால், அது பணிவாகாது.

அடுத்தது ‘-லாம்’ விகுதி. ‘பழைய காப்புப்படிகளை நீக்கலாம்’ என்பதை ஒருவர் அனுமதியாகவும் இன்னொருவர் பரிந்துரையாகவும் படிப்பார். ‘இந்த அமைப்பை மாற்றினால் செயலி பழைய படங்களை நீக்கலாம்’ என்பதில் எழுதியவர் எச்சரிக்க நினைத்தது வாய்ப்பை. படிப்பவருக்கோ செயலிக்கு நாம் அனுமதி கொடுக்கிறோம் என்றும் படும். மனிதரை எழுவாயாகக் கொண்ட அனுமதிக்கு மட்டும் ‘-லாம்’, நிகழ வாய்ப்புள்ளதற்குக் ‘-கூடும்’, பரிந்துரைக்கு ‘செய்வது நல்லது’ என்று பிரித்துக்கொண்டால் இந்த மயக்கம் தீரும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ‘நீக்கக்கூடும்’ என்பதன் எதிர்மறை ‘நீக்கக் கூடாது’ அன்று. முன்னது வாய்ப்பு, பின்னது விலக்கு. வாய்ப்பை மறுக்க ‘நீக்காது’ என்று நேரடியாக எழுத வேண்டும்.

இணைய நெறிமுறைகளை எழுதுவோர் இதே சிக்கலை ஆங்கிலத்தில் சந்தித்து, 1997 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. எனப்படும் இணைய நெறிமுறை ஆவண வரிசையில் 2119 என்ற எண்ணுள்ள ஆவணத்தின் வழியே கட்டாயம், பரிந்துரை, விருப்பம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களுக்கு நிலையான பொருள் வகுத்தார்கள். அதன்பின்னும் ஒரு கேள்வி நின்றது: ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘மே’ போன்ற சொற்கள் சாதாரண வாக்கியத்தில் சிறிய எழுத்தில் வந்தால் அவற்றுக்கும் அந்தக் கட்டாயப் பொருள் உண்டா? 2017 மே மாதம் வெளியான ஆர்.எஃப்.சி. 8174, முழுவதும் பெரிய எழுத்தில் வரும்போது மட்டுமே அந்தச் சிறப்புப் பொருள் உண்டு என்று முடிவு சொன்னது. இந்தத் தீர்வைத் தமிழுக்கு அப்படியே எடுத்துவர வழியில்லை, ஏனென்றால் தமிழ் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. தடித்த எழுத்தை நம்புவதும் ஆபத்து; வாக்கியத்தை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டும்போது தடிப்பு போய்விடும். ஆகவே தமிழில் அந்தச் சுமையை வினைமுற்றுத்தான் தாங்க வேண்டும். ‘வேண்டும், கூடாது, தேவையில்லை, செய்வது நல்லது, -லாம், -கூடும்’ என்ற ஆறையும் பொருளோடு கையேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்து, வேறு எந்த முடிவையும் அந்தப் பொருள்களில் வரவிடாமல் பார்த்துக்கொள்வதே நாம் செய்யக்கூடியது.

அறிகுறி: படிகள் எல்லாம் நடந்தன, ஆனால் வரிசை தவறிவிட்டது

தேர்ந்தெடுத்த பத்தியை நகலெடுப்பதற்கான ‘கன்ட்ரோல் விசையை அழுத்திச் சி விசையை அழுத்தவும்’ என்ற வரியைக் கணினிக்குப் புதியவர் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கலாம். அவர் கன்ட்ரோல் விசையை அழுத்துவார், விரலை எடுப்பார், பிறகு சி விசையை அழுத்துவார். தேர்ந்தெடுத்திருந்த பத்தி மறைந்து, அது இருந்த இடத்தில் ‘சி’ என்ற ஒற்றை எழுத்து நிற்கும். அவர் செய்ததில் தவறில்லை. ‘அழுத்தி’ என்ற வினையெச்சம், ஒன்று முடிந்து மற்றொன்று என்ற வரிசையையும் சொல்லும், ஒன்றின் வழியாக மற்றொன்று என்ற முறையையும் சொல்லும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: ‘கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொள்ளவும். விரலை எடுக்காமல் சி விசையை ஒருமுறை அழுத்தவும். பிறகு இரண்டு விசைகளையும் விடவும்.’

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக உருவான எளிமையாக்கப்பட்ட தொழில்நுட்ப ஆங்கிலம், அதாவது ஏ.எஸ்.டி.-எஸ்.டி.இ.100 என்ற விதித் தொகுப்பு, செயல்முறை வாக்கியம் 20 சொற்களுக்கு மிகக் கூடாது என்கிறது. இந்த எண்ணைத் தமிழ் நடைக் கையேடுகளில், அதாவது எழுதுவோர் பின்பற்றும் விதித் தொகுப்புகளில், அப்படியே பதித்துவிடும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. ‘திறந்துகொண்டிருக்கும்போது’ என்ற ஒரே சொல்லில் நான்கு ஆங்கிலச் சொற்களின் சுமை இருக்கிறது. 20 தமிழ்ச் சொற்களுக்குள் ஐந்து செயல்களை அடைத்துவிடலாம். தமிழுக்குப் பொருத்தமான அளவு வேறு: ஒரு படிக்கு ஒரு முற்றுவினை. வினையெச்சம் இரண்டுக்கு மேல் அடுக்கினால் அந்தப் படியைப் பிரித்துவிட வேண்டும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மயக்கம் ‘-வும்’ விகுதியில் இருக்கிறது. ‘கோப்பைத் திறக்கவும் திருத்தவும் நிர்வாகியிடம் அனுமதி பெறவும்’ என்ற வரியில் முதல் இரண்டு ‘-வும்’ எண்ணும்மை, மூன்றாவது ஏவல். ஆனால் பயனர் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே கையையும் இயக்குகிறார். ‘திறக்கவும்’ என்பதைக் கண்டதும் கோப்பைத் திறந்துவிடுகிறார். ‘கோப்பைத் திறப்பதற்கும் திருத்துவதற்கும் நிர்வாகியின் அனுமதியைப் பெறவும்’ என்று எழுதினால் ஏவல் கடைசியில் மட்டும் நிற்கும்.

அறிகுறி: பயனர் சொன்ன செயலைச் செய்கிறார், ஆனால் வேறொரு பொருளின்மேல் செய்கிறார்

உதவி கேட்டு வரும் அழைப்புகளில் இந்த வகை மிக அதிகம், காரணமும் மிக ஆழமானது. கணினித் தமிழின் கலைச்சொற்கள் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு துறையினரால் ஆக்கப்பட்டவை. ஒரே சொல் இரண்டு இடங்களில் குடியேறியிருப்பதை நாம் தொழிலுக்குள் இருப்பதால் உணர்வதில்லை.

‘நிரல்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். மென்பொருள் எழுதுவோருக்கு அது கணினிக்கான கட்டளைத் தொகுப்பு. ‘நிரலாக்கம்’, ‘நிரலர்’ எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. பள்ளியில் அணிகள் படித்தவருக்கோ நிரை என்பது கிடைவரிசை, நிரல் என்பது நெடுவரிசை. அட்டவணைச் செயலியில் ‘தேவையற்ற நிரலை நீக்கவும்’ என்று எழுதினால், ஒருவர் அட்டவணையின் ஒரு நெடுவரிசையை அழிப்பார், மற்றவர் அதனுள் இருக்கும் மேக்ரோ என்ற கட்டளைத் தொகுப்பைத் தேடிப் போவார். ‘செயலி’யும் அப்படித்தான். ‘நுண்செயலி’ என்ற தொடரில் அது கணினியின் மூளைப் பகுதியைக் குறித்தது. கைப்பேசிகள் பரவிய பிறகு ‘ஆப்’ என்பதற்கு அதுவே வழக்கமாகிவிட்டது. ‘செயலி சூடாகிறது’ என்ற புகாருக்கு விடை எழுதுபவர் எந்தச் செயலி என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. ‘பதிவு’ என்பது இவற்றைவிடப் பெரிய சிக்கல்: புதுக் கணக்கு தொடங்குவதும் பதிவு, தரவுத்தளத்தின் ஒரு வரியும் பதிவு, கருவி தானாக எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்பும் பதிவு, ஒலியைப் பிடித்துவைப்பதும் பதிவு, சமூக ஊடகத்தில் எழுதுவதும் பதிவு. ‘பதிவை நீக்கு’ என்று பொத்தானில் தனியாக எழுதுவதை எந்த நிலையிலும் அனுமதிக்கக் கூடாது. ‘கணக்கை நீக்கு’, ‘ஒலிப்பதிவை நீக்கு’, ‘நிகழ்வுப்பதிவை நீக்கு’ என்று முழுதாக எழுத இடம் போதவில்லை என்றால், பொத்தானைப் பெரிதாக்கச் சொல்ல வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் கேடு மிகுந்தது ‘மீட்டமை’. ஒரு சாரார் அதைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோவதற்கு எழுதுகிறார்கள். அதில் பயனரின் தரவு அழியும். மற்றொரு சாரார் காப்புப்படியிலிருந்து திரும்பப் பெறுவதற்கு எழுதுகிறார்கள்; அதில் தரவு திரும்பி வரும். இழந்த படங்களைத் தேடும் ஒருவர், ‘மீட்பு’ என்ற சொல்லின் நம்பிக்கையில் அந்தப் பொத்தானை அழுத்தி, எஞ்சியிருந்தவற்றையும் இழப்பார். என் பரிந்துரை, இரண்டு பொருளிலும் இச்சொல்லைக் கைவிட்டு, ‘எல்லாவற்றையும் அழித்துத் தொடக்க நிலைக்கு மாற்று’ என்றும், ‘காப்புப்படியிலிருந்து திரும்பப் பெறு’ என்றும் விரித்தே எழுதுவது. நீளம் பற்றிக் கவலைப்பட இது இடமன்று.

சொல்லை ஒருமுறை தேர்ந்தபின் அதை மாற்றாமல் வைத்திருப்பது அடுத்த கடமை. நாம் பள்ளியில் கட்டுரை எழுதிய பழக்கத்தால், ‘கோப்புறை’ என்று ஒரு வரியில் எழுதியதை அடுத்த வரியில் ‘அடைவு’ என்றும் அதற்கடுத்த வரியில் ‘உறை’ என்றும் மாற்றுகிறோம். வாசகர் இவற்றை மூன்று பொருள்களாக எண்ணித் திரையில் தேடுகிறார். இப்படி மாற்றுவதற்கு நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்றான ‘கூறியது கூறலை’த் துணைக்கு அழைப்பவர்கள் உண்டு. அது சொன்ன செய்தியையே பயனின்றித் திரும்பச் சொல்வதைப் பற்றியது. ஒரு பொருளை ஒரே பெயரால் அழைப்பதைப் பற்றியது அன்று. அதே பத்தில் ‘மயங்க வைத்தல்’ என்பதும் இருக்கிறது; பெயரை மாற்றிக்கொண்டே போவது அந்தக் குற்றத்தில்தான் சேரும். எளிமையாக்கப்பட்ட தொழில்நுட்ப ஆங்கிலமும் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற விதியையே அடித்தளமாகக் கொண்டிருக்கிறது. அதில் ‘ஃபாலோ’ என்ற சொல்லுக்குப் பின்னால் வருதல் என்ற பொருள் மட்டுமே உண்டு. அறிவுரைக்குக் கட்டுப்படுதல் என்ற பொருளுக்கு ‘ஒபே’ என்ற வேறு சொல்லை எழுத வேண்டும்.

தனித்தமிழா, வழக்கிலுள்ள ஆங்கிலமா என்ற விவாதமும் இந்த இடத்தில்தான் வெடிக்கும். கையேட்டைப் பொறுத்தவரை முடிவு திரையிடம் இருக்கிறது. பொத்தானில் ‘கடவுச்சொல்’ என்று இருந்தால் கையேட்டிலும் ‘கடவுச்சொல்’ என்றுதான் இருக்க வேண்டும். பொத்தானில் ‘பாஸ்வேர்டு’ என்று இருந்தால், எழுதுபவரின் பற்று எதுவாயினும், கையேட்டிலும் ‘பாஸ்வேர்டு’ என்றே இருக்க வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவின் ‘புகுபதிகை’யைப் பிற தளங்கள் ‘உள்நுழை’ என்கின்றன. இரண்டும் நல்ல தமிழ். ஆனால் ஒன்றின் திரைக்கு மற்றொன்றின் சொல்லால் வழி சொல்ல முடியாது. திரையின் சொல் பிடிக்கவில்லை என்றால், திரையை மாற்றக் கோர வேண்டும். கையேட்டில் மட்டும் மாற்றக் கூடாது.

அறிகுறி: எண்ணும் தேதியும் எல்லையில் ஒன்று கூடியோ குறைந்தோ போகின்றன

‘வரை’ என்ற சொல் எல்லையைத் தன்னுள் சேர்க்கிறதா இல்லையா என்பதைத் தானாகச் சொல்வதில்லை. ‘1 முதல் 10 வரை’ என்றால் பொதுவாசகர் பத்தையும் சேர்த்துக்கொள்வார். பைத்தானில் நிரல் எழுதிப் பழகியவருக்கு அதன் ‘ரேஞ்ச்’ செயல்பாடு இறுதி எண்ணுக்கு முன்பே நின்றுவிடுவது கையோடு வந்த பழக்கம். அவர் ஒன்பதோடு நிறுத்தக்கூடும். ‘10 உட்பட’ என்ற இரண்டு சொற்கள் இதைத் தீர்த்துவிடும். ‘60 டிகிரிக்கு மேல் போனால் அணைக்கவும்’ என்பதிலும் சரியாக 60 இருக்கும்போது என்ன செய்வது என்ற கேள்வி நிற்கிறது. ‘60 டிகிரியை எட்டியதும்’ என்றோ ‘60 டிகிரியைத் தாண்டியதும்’ என்றோ எழுத வேண்டும். வாக்காளர் பதிவில் ‘18 வயது நிறைவடைந்தவர்’ என்று எழுதுவது இந்த ஐயத்தை முன்னரே அடைத்துவிட்ட சொல்லாட்சி.

‘வெள்ளி இரவு 12 மணிக்குள் விண்ணப்பிக்கவும்’ என்பது வியாழன் கழிந்து வெள்ளி பிறக்கும் நேரமா, வெள்ளி கழிந்து சனி பிறக்கும் நேரமா? ‘வெள்ளி இரவு 11:59’ என்று எழுதினால் கேள்வியே எழாது. 03/04/2026 என்பது இந்தியாவில் ஏப்ரல் 3, அமெரிக்கத் திரையில் மார்ச் 4. மனிதருக்கு மாதத்தின் பெயரையும், இயந்திரத்துக்கு ஐ.எஸ்.ஓ. 8601 என்ற பன்னாட்டுத் தர வடிவான 2026-04-03 என்பதையும் எழுத வேண்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள வாசகரையும் கருதுவதாயின் 1,00,000 என்பதன் காற்புள்ளியையும் கவனிக்க வேண்டும். அவர்கள் 100,000 என்று பழகியவர்கள்.

இந்தப் பகுதியில் தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ‘30 எழுத்துகளுக்கு மிகாமல் எழுதவும்’ என்று படிவம் சொல்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று யாரைக் கேட்டாலும் மூன்று என்பார்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் வகுக்கும் யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், யு.டி.எஃப்-8 என்ற சேமிப்பு வடிவில் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் 15 பைட். படிவம் இந்த மூன்றில் எதை எண்ணுகிறது என்பது நிரலரின் கையில் இருக்கிறது. பயனர் எண்ணுவதோ மூன்று என்றுதான். விளைவாக, 25 எழுத்துகளே எழுதியவரிடம் ‘அளவு மிகுந்துவிட்டது’ என்று திரை சொல்கிறது. குறுஞ்செய்தியிலும் இதே நிலை: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 என்று இருக்கும் அளவு தமிழில் 70 ஆகிறது, அந்த 70-உம் நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல, யூனிகோடின் குறிகள். கடவுச்சொல்லுக்குக் ‘குறைந்தது 8 எழுத்துகள்’ என்று எழுதும்போது எண்களும் சிறப்புக் குறிகளும் எழுத்துக் கணக்கில் வருமா என்ற ஐயமும் சேர்ந்துகொள்கிறது, ஏனென்றால் தமிழில் எண்ணை எழுத்து என்று யாரும் சொல்வதில்லை. எழுத்து, எண், குறி எல்லாவற்றையும் சேர்த்துக் குறிக்கும் ‘வரியுரு’ போன்ற கலைச்சொல்லை இட்டு நிரப்புவது பொதுவாசகருக்கு உதவாது. ‘எழுத்து, எண், குறி எல்லாம் சேர்த்துக் குறைந்தது 8 இடங்கள்’ என்று எழுதி, அருகில் மீதமுள்ள அளவைக் காட்டும் எண் ஒன்றை ஓடவிடுமாறு நிரலரிடம் கேட்க வேண்டும். சொல்லால் மட்டும் தீராத பிழைகளில் இது ஒன்று.

அறிகுறி: பட்டியலில் எது அடங்கும், நிபந்தனை எப்போது பொருந்தும் என்று பயனர் கேட்கிறார்

‘ஜேபெக், பி.என்.ஜி. போன்ற பட வடிவங்களை ஏற்கும்’ என்றால் பட்டியல் திறந்திருக்கிறது. பயனர் வேறொரு வடிவத்தையும் முயன்று பார்ப்பார். ‘ஜேபெக், பி.என்.ஜி. ஆகிய வடிவங்களை மட்டும் ஏற்கும்’ என்றால் பட்டியல் முடிந்தது. ‘போன்ற’, ‘முதலிய’, ‘உள்ளிட்ட’ ஆகிய மூன்றும் திறந்த பட்டியலுக்கு உரியவை. விவரக்குறிப்பில் இவை வந்தால் அது பெரும்பாலும் எழுதியவர் முழுப் பட்டியலைத் தேடிப் பார்க்கவில்லை என்பதற்கு அடையாளம்; பொறியாளரிடம் கேட்டு முடித்துவைக்க வேண்டும்.

‘பயனர்பெயரும் கடவுச்சொல்லும் தவறாக இருந்தால்’ என்ற நிபந்தனை, இரண்டும் தவறானால் மட்டுமா, ஏதாவது ஒன்று தவறானாலுமா என்று சொல்லவில்லை. ‘இரண்டில் ஒன்று தவறாக இருந்தாலும்’ அல்லது ‘இரண்டுமே தவறாக இருந்தால்’ என்று எழுத வேண்டும். ‘பழைய கோப்புகளையும் கோப்புறைகளையும் நீக்கவும்’ என்பதில் ‘பழைய’ என்பது கோப்புறைகளுக்கும் சேருமா என்பது தெரியவில்லை. அடைமொழியை இரண்டு முறை எழுதுவதற்குக் கூச்சப்படக் கூடாது.

இந்த வகை மயக்கத்துக்குப் பணத்தில் விலை கொடுத்த வழக்கு ஒன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்தது. மிகைநேர ஊதியம் பெறாத வேலைகளை அடுக்கிய சட்டப் பிரிவின் கடைசியில், அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ பொதிகட்டுதல் என்றும், பொதிகட்டுதல், விநியோகித்தல் என இரண்டு வேலைகள் என்றும் படிக்க இடம் தரும் தொடர் இருந்தது. நடுவே காற்புள்ளி இல்லை. ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் வண்டி ஓட்டுநர்கள் பொருளை விநியோகித்தார்கள், பொதிகட்டவில்லை; முதல் பொருளில் படித்தால் அவர்களுக்கு மிகைநேர ஊதியம் உண்டு, இரண்டாவதில் இல்லை. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த மயக்கத்தை ஓட்டுநர்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டது. 2018-இல் வழக்கு 50 லட்சம் டாலருக்குச் சமரசமானது. தமிழில் ‘அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ பொதிகட்டுதல்’ என்று ஓகாரம் இட்டால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. எண்ணும்மையும் ஓகாரமும் ஒவ்வொரு உறுப்பின் மேலும் ஒட்டிக்கொண்டு பட்டியலின் எல்லையைக் காட்டுகின்றன. காற்புள்ளிகளை வரிசையாக இட்டுக் கடைசியில் ஒரு ‘மற்றும்’ போடும் நடையில் இந்த வசதியை நாம் இழக்கிறோம். ‘மற்றும்’ என்பதைக் குறைக்கச் சொல்வதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான காரணம் இதுவே.

அறிகுறி: மென்பொருள் தானாகக் கோக்கும் செய்தி மட்டும் பிழையாக வருகிறது

திரையில் ‘படம்ஐ நீக்கவா?’, ‘அறிக்கைஐ நீக்கவா?’ என்று வந்தால், நிரலில் கோப்பின் பெயருக்கு ஓர் இடம் ஒதுக்கி அதன் பின்னால் வேற்றுமை உருபை ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ‘படத்தை’, ‘அறிக்கையை’ என்று பெயருக்குப் பெயர் மாறும் புணர்ச்சியை இயந்திரத்தால் இப்படிச் செய்ய முடியாது. உருபை நிலையான சொல்லுக்கு மாற்ற வேண்டும்: ‘“படம்” என்ற கோப்பை நீக்கவா?’ ‘1 கோப்புகள்’ என்று வந்தால், மொழிக்கு மொழி மாறும் வடிவங்களைத் திரட்டும் யூனிகோடின் சி.எல்.டி.ஆர். தொகுப்பு தமிழுக்கு ஒருமை, பிற என்ற இரண்டு வடிவங்களைத் தருகிறது என்பதை நிரலருக்கு நினைவூட்டவும்.

‘பதிவேற்றத்தை ரத்து செய்யவா?’ என்ற கேள்விக்குக் கீழே ‘சரி’, ‘ரத்து’ என்ற இரு பொத்தான்கள் இருந்தால் இரண்டுமே ரத்துபோல் தோன்றும். ‘பதிவேற்றத்தை நிறுத்து’, ‘பதிவேற்றத்தைத் தொடர்’ என்று செயலின் பெயரையே பொத்தானில் எழுத வேண்டும். ‘30 நாளில் கோப்புகள் நீக்கப்படும்’ என்பதில் நீக்குவது யார் என்று கேள்வி வந்தால், ‘30 நாள் முடிந்ததும் செயலி இந்தக் கோப்புகளைத் தானாக நீக்கும்’ என்று எழுவாயைக் கொண்டுவந்து வைக்கவும்.

அறிகுறி: பயனருக்குக் குறையில்லை, எழுதுவோர் மட்டும் உடன்படவில்லை

‘-கள்’, ‘-க்கள்’ விவாதம் இங்கே வரும். ‘கைப்பேசி’, ‘அலைபேசி’, ‘செல்பேசி’ விவாதமும் இங்கேதான். இரு பக்கமும் நியாயம் இருக்கும்போது, எதையாவது ஒன்றைத் தேர்ந்து நடைக் கையேட்டில் காரணத்தோடும் தேதியோடும் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போக வேண்டும். ‘சேமி’, ‘சேமிக்கவும்’ விவாதத்துக்கு மட்டும் ஒரு தெளிவான அடிப்படை உண்டு: பொத்தான் என்பது பயனர் இயந்திரத்துக்கு இடும் கட்டளை, ஆகவே ‘சேமி’, கையேடு என்பது நாம் பயனரிடம் சொல்வது, ஆகவே ‘சேமிக்கவும்’. இரண்டும் அவரவர் இடத்தில் இருந்தால், ‘“சேமி” என்பதை அழுத்திச் சேமிக்கவும்’ என்ற வரியில் எது பொத்தானின் பெயர் என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

ஒற்று மிகுவதை மட்டும் இந்தப் பகுதியில் தள்ளிவிட முடியாது. பெரும்பாலான இடங்களில் விடுபட்ட ஒற்று கண்ணை உறுத்தும், செயலை மாற்றாது. ஆனால் திரையில் ‘மாற்றுக் கடவுச்சொல்’ என்று இருந்தால் அது இன்னொரு கடவுச்சொல். ஒற்று விழுந்து ‘மாற்று கடவுச்சொல்’ என்று நின்றால், கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும் கட்டளையாகவும் அதைப் படிக்க முடியும். பொத்தான்களில் வாக்கியம் இல்லை, இரண்டு சொற்களே இருக்கின்றன. சூழல் தரும் உதவி அங்கே கிடையாது. ஆகவே உரைநடையில் ஒற்றுப் பிழைகளைத் திருத்த நேரம் போதாதவர்களும், பொத்தான், பட்டி (மெனு), தலைப்பு ஆகிய மூன்றில் உள்ள ஒற்றுகளை ஒன்றுவிடாமல் சரிபார்த்தாக வேண்டும்.

முடிந்துபோன விதியை மீண்டும் திறக்கக் கோருபவரிடம், எந்தப் பயனர் எந்த வரியைப் படித்து என்ன செய்தார் என்ற ஒரு நிகழ்வையாவது கேட்க வேண்டும். அது கிடைத்தால், அந்த வரியைப் புதிதாக இருவரிடம் கொடுத்துச் சோதித்துவிட்டு, மாற்றத்தையும் அதற்கான நிகழ்வையும் நடைக் கையேட்டில் பழைய விதிக்குக் கீழேயே எழுதவும்; பழைய விதியை அழிக்கக் கூடாது, ஏனென்றால் முன்பு வெளிவந்த கையேடுகளைப் படிப்பவர்களுக்கு அது தேவைப்படும்.